குறி தவறும் என்று அறிந்தே செய்த கருவிகள்

ஜெர்மனியின் ஷோனிங்கன் என்னும் ஊரில், பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் ஓரத்தில் புதைந்திருந்த பழைய ஏரிக்கரைச் சேற்றிலிருந்து 2016ஆம் ஆண்டில் ஒரு தடியை எடுத்தார்கள். ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்த அந்தத் தடியின் நீளம் 64.5 சென்டிமீட்டர், எடை 264 கிராம். கிளை கிளைத்த கணுக்களைக் கல்லால் சீவி, இரு முனைகளையும் கூராக்கி, மேற்பரப்பை வழவழப்பாக்கியிருக்கிறார்கள். அதன் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் என்று கணித்தார்கள்; 2025இல் வெளியான ஆய்வொன்று அதை ஏறத்தாழ 2 லட்சமாகக் குறைக்கிறது. அதைச் சீவிய கை நம்முடைய இனத்தின் கை அல்ல. நமக்கு வெகு முன்பே ஐரோப்பாவில் வாழ்ந்த வேறொரு மனித இனத்தின் கை.

அதே இடத்தில் 1990களில் கிடைத்த மர ஈட்டிகள் உலகப் புகழ் பெற்றவை. நானும் பல ஆண்டுகள் அந்த ஈட்டிகளைப் பற்றித்தான் தேடித் தேடிப் படித்தேன். பக்கத்திலேயே கிடந்த தடி என் கண்ணில் படவே இல்லை. ஈட்டிக்கு வீரம் என்னும் பெயர் தானாகவே வந்து ஒட்டிக்கொள்கிறது. எறிதடிக்கு அப்படி எதுவும் ஒட்டுவதில்லை. எறிந்து வேட்டையாடும் கருவிகளைப் பற்றித் தொடர்ந்து படித்தபின் என் எண்ணம் மாறிவிட்டது. ஈட்டியைச் செய்தவன் தன் வலிமையைக் கணக்கிட்டான். எறிதடியைச் செய்தவனோ தன் கை எவ்வளவு தவறும் என்பதைக் கணக்கிட்டான். இரண்டாவது கணக்கே கடினமானது என்று இப்போது கருதுகிறேன்.

எளிய கணக்கொன்றைப் போட்டுப் பார்க்கலாம். 20 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பறவையின் மீது கல்லையோ ஈட்டியையோ எறிந்தால், கை தவறுவதற்குக் கிடைக்கும் இடம் ஏறத்தாழ அந்த 20 சென்டிமீட்டர்தான். 65 சென்டிமீட்டர் நீளமுள்ள தடியைக் கிடைமட்டமாகச் சுழலும்படி எறிந்தால், அது தன் நீளம் முழுவதையும் அகலமாக விரித்துக்கொண்டு பறக்கிறது. தடியின் எந்த முனை பட்டாலும் அடி அடிதான் என்பதால், தவறுவதற்கான இடம் 85 சென்டிமீட்டராகிறது. எறிபவனின் திறமை சற்றும் கூடவில்லை. ஆயினும் இலக்கு நான்கு மடங்குக்கும் மேல் பெரிதாகிவிட்டது. புல்வெளியில் ஓடும் முயலை நோக்கித் தடியைத் தரையை ஒட்டித் தாழ எறிவதன் காரணமும் இதுவே. பக்கவாட்டில் நேரும் தவறைத் தடியின் நீளம் பார்த்துக்கொள்கிறது. உயரத்தில் நேரும் தவறைத் தரையே தடுத்துவிடுகிறது. வட அமெரிக்காவின் ஹோப்பி மக்கள் ஊரே திரண்டு முயல்களை வளைத்து வேட்டையாடியபோது எறிந்த வளைந்த தட்டைத் தடியும், ஆப்பிரிக்காவின் தெற்கிலும் கிழக்கிலும் எறியப்பட்ட குமிழ்த்தலைத் தடியும் இந்தக் கணக்கின் மீதே நிற்கின்றன.

பழைய எகிப்தில் இதே தடி பறவை வேட்டைக்குப் பயன்பட்டது. ஏறத்தாழ கி.மு. 1350ஐச் சேர்ந்த நெபாமுன் கல்லறைச் சுவரோவியம் இன்று பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பாப்பிரஸ் புதரின் நடுவே படகில் நிற்கும் நெபாமுன், ஒரு கையில் பிடிபட்ட பறவைகளையும் மறு கையில் பாம்பு வடிவத் தடியையும் ஏந்தியிருக்கிறார். புதரிலிருந்து பறவைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நெருக்கியடித்துக் கிளம்புகின்றன. அந்த நெருக்கம்தான் தடிக்கு ஏற்ற சூழல். கூட்டமாக எழும் பறவைகளில் எதைக் குறிவைப்பது என்று வில்லாளி தயங்கலாம். தடியை எறிபவனுக்கு அந்தத் தயக்கம் வேண்டியதில்லை. 1922இல் திறக்கப்பட்ட துட்டன்காமன் கல்லறையிலும் இத்தகைய தடிகள் பல கிடைத்தன. மறுமையிலும் வேட்டையாட வேண்டும் என்று அரசனோடு சேர்த்துப் புதைக்கும் அளவுக்கு அந்தக் கருவி மதிக்கப்பட்டிருக்கிறது.

பூமராங்கைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஏனெனில் இந்தக் கருவிகளிலேயே மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டது அதுதான். எறிந்தவன் கைக்கே திரும்பி வருவதுதான் பூமராங் என்று உலகம் முழுவதும் குழந்தைகள் கற்கிறார்கள். ஆஸ்திரேலியத் தொல்குடிகளின் வேட்டைப் பூமராங்குகளில் பெரும்பாலானவை திரும்பி வருவதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. அவை நீளமானவை, கனமானவை, வளைவு குறைந்தவை. நேராகவும் தொலைவாகவும் பறந்து கங்காருவின் காலையோ எமுவின் கழுத்தையோ தாக்கும்படி சமன் செய்யப்பட்டவை. விலங்கின் மீது மோதிய தடி விழுந்த இடத்திலேயேதான் கிடக்கும் என்பதை எண்ணிப் பார்த்தாலே, திரும்பி வருதல் வேட்டைக்கு எவ்வளவு சிறிய உதவி என்பது விளங்கும்.

திரும்பும் வகைக்கும் வேட்டையில் இடமிருந்தது. ஆனால் அது நாம் நினைக்கும் இடமன்று. ஆற்றின் குறுக்கே அல்லது மரங்களுக்கிடையே வலையைக் கட்டிவிட்டு, பறந்து வரும் வாத்துக் கூட்டத்துக்கு மேலே அதைச் சுழலவிடுவார்கள். மேலே வட்டமிடுவது பருந்து என்று அஞ்சிய வாத்துகள் தாழ்ந்து பறந்து வலையில் விழும். யாரையும் தொடாமலேயே வேலையை முடிக்கும் எறிபடை அது. பறவையின் அச்சத்தைப் பல தலைமுறைகளாகக் கூர்ந்து கவனித்தவர்களுக்கு மட்டுமே இப்படி ஒரு பயன் தோன்றியிருக்க முடியும்.

அது திரும்புவதன் காரணமும் அழகானது. செங்குத்துக்கு நெருக்கமான நிலையில் சுழன்றபடி முன்னே செல்லும் பூமராங்கின் மேற்புறத்தில் இருக்கும் கை, சுழற்சியின் வேகமும் முன்னேற்றத்தின் வேகமும் சேர்ந்து காற்றை விரைவாக வெட்டுகிறது. கீழ்ப்புறத்துக் கைக்குச் சுழற்சி எதிர்த்திசையில் இருப்பதால் அதன் வேகம் குறைகிறது. இறக்கையைப் போல் சீவப்பட்ட அந்தக் கைகளில் மேலே அதிக விசையும் கீழே குறைந்த விசையும் பிறக்கின்றன. சாதாரணப் பலகையாக இருந்தால் அது கவிழ்ந்துவிடும். ஆனால் சுழலும் பொருளைச் சாய்க்க முயன்றால், பம்பரத்தில் நாம் பார்ப்பதுபோல, அது வேறொரு திசையில் திரும்புகிறது. அந்தத் திருப்பமே பாதையை வட்டமாக வளைக்கிறது. வேட்டைத் தடியைச் செய்பவருக்கு இதே விளைவு பகை. தடி நேராகச் செல்ல வேண்டுமானால் இந்த விசைகளை அடக்கியாக வேண்டும். அதற்காக இயற்கையாகவே முழங்கைபோல் வளைந்த வேரையோ கிளையையோ தேடி எடுப்பார்கள். மரத்தின் நார் வளைவோடு சேர்ந்து ஓடினால்தான் மோதும்போது தடி முறியாது. பின்னர் சூடான சாம்பலில் வாட்டி, முறுக்கைச் சிறிது சிறிதாகத் திருத்துவார்கள். தெற்கு ஆஸ்திரேலியாவின் வைரி சதுப்பில் 1973இல் கிடைத்த பூமராங்குகள் ஏறத்தாழ 10,000 ஆண்டுப் பழமை கொண்டவை. போலந்தின் ஒப்லசோவா குகையில் கிடைத்த, மாமூத் தந்தத்தில் செதுக்கிய வளைதடி அதைவிடவும் பழையது. 2025இல் வெளியான ஆய்வு அதன் வயதை ஏறத்தாழ 40,000 ஆண்டுகள் என்று கணித்தது. வளைதடி ஆஸ்திரேலியாவுக்கு மட்டுமே உரியது என்ற எண்ணத்தை அந்த ஒற்றைத் தந்தம் அசைத்துவிடுகிறது.

தமிழகத்தின் வளரியை இந்த உறவினர்களோடு சேர்த்து வைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. சிவகங்கை, மதுரை, புதுக்கோட்டைப் பகுதிகளில் மறவர்களும் கள்ளர்களும் கையாண்ட வளரி பிறைபோல் வளைந்தது. ஒரு முனை கனத்தும், கையில் பிடிக்கும் முனை மெலிந்தும் குமிழோடும் இருக்கும். மரத்திலும் இரும்பிலும் செய்தார்கள். தந்தத்தில் செய்தவையும் அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. கனம் ஒரு முனையில் திரண்டிருப்பதால் அது சமநிலையான பூமராங்கைப் போலப் பறப்பதில்லை. தலைகனத்த தடியாகச் சுழன்று சென்று, படும் இடத்தில் முழுக் கனத்தையும் இறக்குகிறது. கிழக்கிந்தியக் கம்பெனியின் படையில் இருந்த ஜேம்ஸ் வெல்ஷ் என்ற அதிகாரி, சின்ன மருதுவிடமே ஈட்டி எறியவும் வளரி வீசவும் கற்றதாகவும், பழகிய கையில் அது 100 கஜத்துக்குள் குறி தப்பாது என்றும் பின்னாளில் எழுதினார். தனக்குக் கற்பித்தவரை எதிர்த்த படையிலேயே அவர் பணியாற்றினார். மருது சகோதரர்கள் 1801 அக்டோபர் 24 அன்று திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டார்கள். அதே ஆண்டின் இறுதியில் தென்பகுதிப் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதே தடைசெய்யப்பட்டது. மானையும் முயலையும் வீழ்த்திய ஒரு கருவி போர்க்களத்துக்குப் போனதால், போர்க்கருவியாகவே கணக்கில் எழுதப்பட்டு மக்களின் கையைவிட்டுப் போயிற்று. வளரியும் எறிந்தவர் கைக்கே திரும்பும் என்று இன்று பலர் பெருமையோடு எழுதுகிறார்கள். அந்தப் பெருமை அதற்குத் தேவையில்லை. தலைகனத்த தடியின் வேலை திரும்புவதன்று, படுவது. அதைச் செம்மையாகச் செய்ததே அதன் சிறப்பு.

கவணைப் பற்றி இங்கே ஒரு சொல் சொல்லிவிட்டுச் செல்கிறேன். அது நான் சொல்லிவரும் கணக்குக்கு நேர் எதிரானது. கவணிலிருந்து விடுபடும் கல் ஒரே ஒரு புள்ளியைத்தான் தொடும். விடும் கணம் சற்றே பிசகினாலும் கல் எங்கோ போய்விடும். ஆனால் அதற்கு வேறொரு வலிமை உண்டு. தினைப்புனம் காப்பவரின் கவண் ஒலிக்கே வெருண்டு, யானை தான் வளைத்துப் பிடித்திருந்த பசிய மூங்கிலைக் கைவிட, அது மீனைக் கவ்வி எழும் தூண்டில்போல மேலே எழுந்ததைக் குறுந்தொகையின் 54ஆம் பாடல் காட்டுகிறது. கல் யானையின் மீது பட்டதாகப் பாடலில் இல்லை. ஒலியே போதுமானதாக இருந்தது.

தவறும் கைக்கு மிகப் பெரிய இடம் கொடுத்த கருவி என்று நான் கருதுவது தென் அமெரிக்காவின் போலா. கயிற்றின் முனைகளில் கல் குண்டுகளைக் கட்டிய கருவி அது. பாம்பாஸ் புல்வெளிகளிலும் பட்டகோனியாவிலும் நடுவே பள்ளம் செதுக்கிய உருண்டைக் கற்கள் ஏராளமாகக் கிடைத்திருக்கின்றன. கயிறு நழுவாமல் அமர்வதற்கான பள்ளம் அது. பள்ளமில்லாத கற்களைப் பச்சைத்தோலில் பொதிந்து தைத்தார்கள். தோல் காய்ந்து இறுகும்போது கல்லோடு ஒன்றிவிடும். ரியா என்னும் பெரிய ஓடும் பறவையைப் பிடிக்க இரண்டு குண்டுகள் கொண்ட மெல்லிய போலாவும், ஒட்டகத்தின் உறவினமான குவானாக்கோ என்னும் விலங்குக்கும் பிற்காலத்தில் குதிரைக்கும் மாட்டுக்கும் மூன்று குண்டுகள் கொண்டதும் பயன்பட்டன. ஒற்றைக் குண்டு மட்டும் கொண்ட வகை போருக்குரியது. எறிந்தால் மீண்டும் கைக்கு வராது என்பதால் ஸ்பானியர் அதைத் ‘தொலைந்த குண்டு’ என்று அழைத்தார்கள்.

ஸ்பானியர்கள் 1536இல் பிளாட்டா ஆற்றின் கரையில் இறங்கியபோது, கெராண்டி மக்கள் குவானாக்கோவைப் பிடிக்கும் அதே கருவியால் குதிரைகளின் கால்களைக் கட்டி வீழ்த்தினார்கள். அதற்கு முன் அவர்கள் குதிரையைப் பார்த்ததே இல்லை. ஆனால் விரைந்து ஓடும் நான்கு கால்களைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது எதுவும் இல்லை. காலம் செல்லச் செல்லக் குதிரை அவர்களுடையதாகவும் ஆயிற்று. 1869-70இல் பட்டகோனியாவின் டெவெல்ச்சே மக்களோடு பயணம் செய்த ஜார்ஜ் மஸ்டர்ஸ் அவர்களது வேட்டையை விவரித்திருக்கிறார். குதிரைக்காரர்கள் இருவர் இருவராக இடமும் வலமும் பிரிந்து, வழியெங்கும் புதர்களுக்குத் தீயிட்டுத் தாங்கள் நிற்கும் இடத்தை அறிவித்தபடி, பெரிய பிறையாக விரிந்து மெல்ல வட்டத்தை மூடுவார்கள். விலங்குகள் வெளியேற முயலும் இடத்தில் போலா பறக்கும்.

சார்லஸ் டார்வின் 1830களின் தொடக்கத்தில் உருகுவேயின் மால்டொனாடோ பகுதியில் காவ்ச்சோக்கள் என்னும் குதிரையேறி மாடு மேய்ப்பவர்களோடு இருந்தபோது இக்கருவியை நுணுக்கமாகக் கவனித்தார். மூன்றில் சிறிய குண்டைக் கையில் பிடித்து, மற்ற இரண்டையும் தலைக்கு மேலே சுழற்றி விட வேண்டும் என்றும், கல் குண்டு ஆப்பிள் அளவே இருந்தாலும் குதிரையின் காலையே முறிக்க வல்லது என்றும், குதிரையைக் காயமின்றிப் பிடிக்க வேண்டுமானால் பெரிய மரக்குண்டுகளைப் பயன்படுத்தினார்கள் என்றும் அவர் எழுதினார். ஒருநாள் தானே குதிரையில் விரைந்தபடி அதைச் சுழற்றிப் பார்த்தார். ஒரு குண்டு புதரில் பட்டுச் சுழற்சியை இழந்து கீழே விழுந்து, அவருடைய குதிரையின் பின்னங்காலையே சுற்றிக்கொண்டது. எல்லாவகை விலங்குகளும் பிடிபட்டதைப் பார்த்திருக்கிறோம், ஒரு மனிதன் தன்னையே பிடித்துக்கொண்டதை இப்போதுதான் பார்க்கிறோம் என்று காவ்ச்சோக்கள் வாய்விட்டுச் சிரித்தார்களாம். அந்தப் பக்கத்தில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படுவது சிரிப்பு அல்ல. நின்றபடி எறிய எவரும் விரைவில் கற்றுக்கொள்ளலாம் என்று அவர் எழுதிய ஒரு வரி.

அந்த வரியைச் சோதித்துப் பார்க்கும் எண்ணம் என்னை விடவில்லை. ஆளில்லாத திறந்த வெளியில் இடுப்புயரக் கம்பம் ஒன்றை நட்டு, மணல் நிரப்பிய மூன்று துணிப்பைகளைக் கயிற்றில் கட்டிப் பல நாள்கள் எறிந்து பழகினேன். முதல் நாள்களில் பைகள் காற்றிலேயே ஒன்றோடொன்று பின்னிக் கட்டியாக விழுந்தன. சுழற்சி வேகம் போதாததே காரணம். வேகம் இருந்தால்தான் பைகள் ஒன்றையொன்று இழுத்துக் கயிறுகளை விறைப்பாக விரிக்கின்றன. சுழற்சியைக் கூட்டி, விடும் கணத்தை மணிக்கட்டு உணரத் தொடங்கிய பிறகு அவை மூன்று கதிர்போல விரிந்து பறந்தன. அப்போதும் நான் கம்பத்தை நேராகத் தாக்கியது மிகச் சில முறைகளே. ஆனால் கம்பத்துக்கு இருபுறமும் கையகலம் தள்ளிப் போன எறிதல்களிலும் ஏதோ ஒரு கயிறு கம்பத்தைத் தொட்டது. தொட்டதும் மூன்றும் சுற்றிக்கொண்டன. டார்வின் சொன்னதை என் கை ஒப்புக்கொண்டது.

கயிறு தொடும் அந்தக் கணத்தில் நடப்பதுதான் இந்தக் கருவியின் உயிர். கயிற்றின் நடுப்பகுதி தடுக்கப்பட்டதும், முனையிலிருக்கும் குண்டு நின்றுவிடுவதில்லை. தன் வேகத்தோடு கம்பத்தை மையமாகக் கொண்டு சுற்றத் தொடங்குகிறது. ஒவ்வொரு சுற்றுக்கும் கயிறு குறைவதால் வட்டமும் சிறுத்துக்கொண்டே வருகிறது. குண்டின் வேகம் ஏறத்தாழ அப்படியே இருக்க, வட்டம் மட்டும் சுருங்குவதால் சுற்றுகள் மேன்மேலும் விரைவாகின்றன. கடைசியில் குண்டு கயிற்றின் மீதே அறைந்து இறுக்குகிறது. முடிச்சுப் போடும் கை எதுவும் அங்கே இல்லை. எறிந்தவனின் கையிலிருந்து புறப்பட்ட வேகமே முடிச்சாகிறது. ஓடும் விலங்கின் காலாக இருந்தால் இன்னொன்றும் சேர்கிறது. அடுத்த காலை எடுத்துவைக்கும்போது அந்தக் காலும் சிக்குகிறது. விலங்கு எவ்வளவு விரைந்து ஓடுகிறதோ அவ்வளவு விரைவில் கட்டுண்டு விழுகிறது.

விழுந்த விலங்கு பல வேளைகளில் உயிரோடு இருக்கும் என்பதை நான் மிகவும் மதிக்கிறேன். தடியும் ஈட்டியும் பட்டபின் வேட்டைக்காரன் தேர்ந்தெடுக்க ஒன்றுமில்லை. போலாவுக்குப் பின் அவன் அருகில் சென்று, கொல்வதா, கட்டி அழைத்துச் செல்வதா, சினையாகவோ சிறிதாகவோ இருந்தால் அவிழ்த்து விடுவதா என்று எண்ண நேரம் இருந்தது. காட்டுக் குதிரையைப் பிடித்துப் பழக்கியவர்களுக்கு இந்த நேரம் இன்றியமையாதது. அதே கருவி காலை முறிப்பதும் உண்டு என்பதை மறைக்க முடியாது. கல்லுக்குப் பதிலாக மரத்தைக் கட்டிய காவ்ச்சோ அதை நன்றாக அறிந்திருந்தான். குண்டின் பொருளை மாற்றியே அவன் கருவியின் நோக்கத்தை மாற்றினான்.

இதே கருவி அமெரிக்கக் கண்டத்தின் மறுமுனையிலும் இருந்தது. அலாஸ்காவின் கடற்கரை மக்கள் பறவைகளைப் பிடிக்க, வால்ரஸ் தந்தத்திலும் எலும்பிலும் செதுக்கிய சின்னஞ்சிறு குண்டுகளைத் தசைநார்க் கயிறுகளில் கட்டி, கயிறுகள் அனைத்தையும் ஒரே முனையில் சேர்த்து, அந்த முனையில் இறகுக் கற்றையைப் பொருத்தினார்கள். மூன்றுக்குப் பதிலாக ஐந்தாறு குண்டுகள், சில வேளைகளில் அதற்கும் மேல். தேவையில்லாதபோது வேட்டைக்காரர் அதைத் தலையைச் சுற்றிக் கட்டியிருப்பார். குண்டுகள் நெற்றியில் வரிசையாக அமர்ந்திருக்கும். வாத்துக் கூட்டம் தாழப் பறந்து வருவதைக் கண்டதும் ஒரே இழுப்பில் அவிழ்த்து, வலக்கையில் கயிறுகளின் முனையையும் இடக்கையில் குண்டுகளையும் பிடித்து விறைப்பாக இழுத்து, தலைக்கு மேல் ஓரிரு முறை சுழற்றி, கூட்டத்துக்குச் சற்று முன்னால் எறிவார். கையைவிட்டுப் புறப்படும்போது குண்டுகள் ஒன்றாகத் திரண்டு, கயிறுகள் பின்னால் நீண்டு, பறவையால் விலக முடியாத வேகத்தில் மேலேறும். வேகம் தணியத் தணிய அவை சுழன்று ஒன்றைவிட்டு ஒன்று விலகும். எறிதலின் உச்சியில், நான்கைந்து அடி அகலமுள்ள வட்டமாக முழுவதும் விரிந்து, ஒரு கணம் வானில் அப்படியே நிற்பதுபோலத் தோன்றும். அந்த வட்டத்துக்குள் சிறகு எதுவும் வரவில்லையென்றால் அவை மெல்லத் திரும்பித் தரைக்கு வரும். வேட்டைக்காரர் எடுத்துச் சிக்கல் நீக்கி, மறுபடியும் நெற்றியில் சுற்றிக்கொண்டு அடுத்த கூட்டத்துக்குக் காத்திருப்பார்.